80 அங்குல ஜீப்பில் பெரிய டீசல் இன்ஜின் ஏற்றுவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் பின்கட்டிலும் தோப்புக் கொட்டகையிலும் பழைய சி.ஜே. 3பி ஜீப்புகள் இன்னும் நிற்கின்றன. பாடி நன்றாக இருக்கும், சேஸிஸ் நன்றாக இருக்கும், இன்ஜின் மட்டும் ஓய்ந்து போயிருக்கும். என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, இதுல ஒரு பெரிய டீசல் இன்ஜினைத் தூக்கி வச்சுக் குடுங்க."

தூக்கி வைப்பது சின்ன வேலை. செயின் பிளாக்கும் இரண்டு ஆளும் இருந்தால் போதும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 80 அங்குலம் மட்டுமே உள்ள வண்டியில், சேஸிஸை அறுக்காமல் அதற்கு இடம் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. நான் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகம் வேறுபடும்படி உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு வண்டியை மாற்றக்கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்ஜின் நம்பர், சி.சி., எரிபொருள் மூன்றுமே இங்கே மாறுகின்றன. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். இன்ஜினை பில்லோடும், அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகலோடும்தான் வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸ்காரருக்கும் தெரிவித்துவிடுங்கள். அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுங்கள். பழைய இன்ஜினைப் போர் செய்து, வால்வு உட்கார வைத்து, நல்ல கார்புரேட்டரோடு ஓட்டினால் அதுவே இன்னும் பல காலம் ஓடும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

எந்த இன்ஜின்?

3பி-யில் பிறவியிலேயே வந்தது ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின். 2199 சி.சி., 75 குதிரைத்திறன். இன்லெட் வால்வு ஹெட்டுக்குள் வந்ததால் அதற்கு முந்தைய இன்ஜினைவிட உயரம் கூடிவிட்டது. அதற்காகத்தான் 1953-ல் அமெரிக்காவில் வில்லிஸ்காரர்கள் பானெட்டை உயர்த்தி 3பி-யை இறக்கினார்கள். ஆக, உயரமான இன்ஜினுக்கு இடம் கொடுக்கவே முகத்தை மாற்றிக்கொண்ட வண்டி இது. அந்த உயரம் இன்று நமக்கும் உதவுகிறது. டீசல் இன்ஜின் வைக்கும்போது மேலே இடிக்கும் தொல்லை தாழ்ந்த பானெட் ஜீப்புகளில் இருப்பதுபோல இதில் இருக்காது.

எங்கள் பக்கத்தில் கைக்குக் கிடைப்பவை இரண்டு. ஒன்று மகிந்திராவின் எம்.டி.ஐ., 2523 சி.சி. மூன்றரை அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), நாலு அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), இன்டர்நேஷனல் டிராக்டர் வம்சம். இன்னொன்று பியூஜோ எக்ஸ்.டி.3பி, 2498 சி.சி. முன்னதாக எம்.எம். 540-ல் வந்த பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 வெறும் 2112 சி.சி. தான். அது ஹரிக்கேனைவிடச் சின்னது என்பதால் இந்தப் பேச்சில் சேராது.

எம்.டி.ஐ. டர்போவின் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 3200 சுற்றில் 63 குதிரைத்திறன். பழைய பெட்ரோலைவிடக் குறைவு. ஆனால் இழுவை சுமார் 180 நியூட்டன் மீட்டர், அதுவும் 1500 சுற்றுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ஹரிக்கேன் 2000 சுற்றில் 155 வரை தரும். தென்னைமட்டை பாரத்தோடு கண்மாய்க்கரை ஏறும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். இதைச் செய்வது இழுவைக்காகத்தான். வேகத்துக்காகக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

மதுரை வரை ரோட்டில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு பியூஜோ பொருந்தும். அது எம்.டி.ஐ.யைவிட அதிகச் சுற்று வரை போகும், சத்தமும் அதிர்வும் குறைவு. ஆனால் அதற்குச் சாமான் தேட வேண்டியிருக்கிறது, காலையில் ஹீட்டர் பிளக் சூடாகக் காத்திருக்கவும் வேண்டும். எம்.டி.ஐ. நேரடி இன்ஜெக்‌ஷன், சட்டென்று பிடிக்கும். சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். தோப்பு, வயல், கண்மாய் என்று ஓடுகிற வண்டிக்கு நான் எம்.டி.ஐ.தான் வைப்பேன். இனி எழுதுவதெல்லாம் அதை வைத்துத்தான்.

விலை குறைவு என்று டிராக்டரிலிருந்து கழற்றிய இன்ஜினை வாங்காதீர்கள். டிராக்டரில் இன்ஜினே சேஸிஸின் வேலையையும் பார்க்கிறது. அதன் ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), முன்பக்க வார்ப்பு, பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) எதுவும் ஜீப்புக்கு ஒத்துவராது. மகிந்திரா 4x4 ஜீப்பிலிருந்து இன்ஜின், பெல் ஹவுசிங், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் (சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுப்பது), மவுண்ட், ரேடியேட்டர் என்று ஒரே செட்டாக எடுப்பதுதான் நல்லது. எடுக்கும்போதே ஒன்று பாருங்கள்: 3பி-யின் டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து பின் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் சுழல் தண்டு) வலப்பக்கம் தள்ளி வெளிவரும், பின் ஆக்சிலின் டிஃபரென்ஷியலும் (ஆக்சிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி) அதற்கு நேராக வலப்பக்கம் இருக்கும். நீங்கள் வாங்கும் பாக்ஸில் ஷாஃப்ட் நடுவில் வெளிவந்தால் அது இந்த ஆக்சிலோடு சேராது.

அளவு பின்னாலிருந்து தொடங்க வேண்டும்

எல்லோரும் ரேடியேட்டர் பக்கம் நின்றுகொண்டு அளக்கிறார்கள். நான் பின் ஆக்சிலிலிருந்து அளந்துகொண்டு முன்னே வருவேன். காரணம் அந்தப் பின் ஷாஃப்ட், அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட். நீளமான வண்டியில் கியர்பாக்ஸ் நாலு அங்குலம் பின்னால் போனாலும் ஷாஃப்ட் தாங்கும். 80 அங்குல வண்டியில் ஷாஃப்டே குட்டை. உதாரணத்துக்கு, 20 அங்குல நீளத்தில் 5 அங்குல இறக்கம் இருந்தால் சாய்வு 14 டிகிரி. அதே பாக்ஸை 4 அங்குலம் பின்னால் தள்ளினால் சாய்வு 17 டிகிரியைத் தாண்டிவிடும். பட்டை ஸ்பிரிங் பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் கூடும். அந்தக் கோணத்தில் ஷாஃப்ட் முனை மூட்டான யூ ஜாயின்டின் கிராஸ் நிலைக்காது, வண்டி முழுக்க உதறும். வேறெங்கோ இன்ஜின் மாற்றி, ஓட்ட முடியாமல் என்னிடம் வந்த ஜீப்புகளில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். இன்ஜின் அருமையாக ஓடும், ஷாஃப்ட் மட்டும் உயிரை வாங்கும்.

அதனால் விதி இதுதான்: டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். நீளம் கூடுவதெல்லாம் முன்னால் போகட்டும்.

பழைய இன்ஜினைக் கழற்றும் முன் வண்டியைச் சமதரையில், அதன் சொந்தச் சக்கரத்தில் நிறுத்தி அளவெடுங்கள். டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் ஃபிளாஞ்சிலிருந்து பின் ஆக்சில் ஃபிளாஞ்ச் வரை, முன்னாலும் அதே மாதிரி. பெல் ஹவுசிங் முகத்திலிருந்து ரேடியேட்டர் வரை. கிராங்க் புல்லியின் நடு சேஸிஸ் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே, இன்ஜின் பின்பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சேஸிஸ் மேலேயே சாக்பீஸால் எழுதிப் போட்டோவும் எடுத்து வையுங்கள். இன்ஜின் வெளியே போன பிறகு ஸ்பிரிங் மேலெழும்பி எல்லா அளவும் மாறிவிடும்.

அடுத்தது காலி பிளாக். ஹெட், கிராங்க், பிஸ்டன் எதுவும் இல்லாத செத்த எம்.டி.ஐ. பிளாக் ஒன்றும், சம்பும், பெல் ஹவுசிங்கும் என் பட்டறையில் இதற்கென்றே இருக்கின்றன. காயலான் கடையில் எடைக்கு வாங்கியது. இரண்டு பேர் சேர்ந்து இறக்கலாம், ஏற்றலாம், மரக்கட்டை வைத்து அரை அங்குலம் நகர்த்தலாம். முழு இன்ஜினைத் தொங்கவிட்டுக்கொண்டு யோசிக்க முடியாது. அவசரத்தில் சேஸிஸில் வெல்டிங் விழுவது அப்போதுதான்.

காலி பிளாக் உட்கார்ந்ததும் சம்புக்குக் கீழே பாருங்கள். முன் ஆக்சிலின் டிஃபரென்ஷியல் வலப்பக்கம் இருக்கிறது, முன் ஷாஃப்டும் அதே பக்கம் ஓடுகிறது. இடைவெளி கண்ணுக்கு நிறைய இருப்பதாகத் தெரியும். கண்ணை நம்பாதீர்கள். ஆக்சில் மேலெழும்பி சேஸிஸின் தடுப்பு ரப்பரில் முட்டும்போது என்ன மிச்சம் என்பதுதான் கணக்கு. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து சம்பின் அடியிலும் ஷாஃப்டுக்கு நேராகவும் உருண்டையாக ஒட்டிவிட்டு, ஸ்பிரிங்கின் முதன்மைப் பட்டையை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கி வைத்து ரப்பர் தொடும்வரை ஏற்றுவேன். பிறகு மாவைக் கத்தியால் வெட்டி அதன் கனத்தை அளப்பேன். முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தால் பிளாக்கை உயர்த்த வேண்டும். டீசல் இன்ஜின் ரப்பர் மவுண்டில் நன்றாக ஆடும் என்பதால் அந்த முக்கால் அங்குலமும் அதிகம் இல்லை.

கிரில் விஷயம். முன்னே இடம் போதவில்லை என்று சிலர் கிரில்லையே இரண்டு அங்குலம் முன்னுக்குத் தள்ளி, பானெட்டில் தகடு சேர்த்துவிடுகிறார்கள். கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது சொன்னது ஒன்றே ஒன்று: "எங்க அப்பச்சி ஓட்டுன வண்டி தம்பி. மூஞ்சியை மட்டும் மாத்திராதீங்க." அவர் சொன்னது நியாயம். காரைக்குடியில் வீட்டுத் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் பெயர்த்துக் கடையில் வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து மனது கனத்தவன் நான். ஒரு முறை அறுத்தது திரும்ப ஒட்டாது. ரேடியேட்டரைத்தான் கிரில்லோடு ஒட்டி முன்னே தள்ளி இடம் எடுக்க வேண்டும். ஃபேன் பிளேடுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு அங்குலம் கிடைத்தால் போதும்.

மவுண்டும் போல்ட் வேலைதான். சேஸிஸ் பக்கவாட்டில் ஆறு மில்லி தகடு வைத்து, இருக்கிற ஓட்டைகளையே முடிந்தவரை பயன்படுத்தி, நல்ல ஹைடென்சில் போல்ட்டால் பிராக்கெட்டைப் பிடிக்கிறேன். சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டிங் போடவே கூடாது. விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். நாளைக்கு யாராவது ஹரிக்கேனைத் திரும்ப வைக்க ஆசைப்பட்டால் பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு வைக்க முடிய வேண்டும். கழற்றிய பழைய இன்ஜினைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி, வாயெல்லாம் அடைத்து, மரப்பலகையில் உட்கார வைத்துக் கொட்டகையில் வையுங்கள்.

செட்டாகக் கிடைக்காமல், பழைய மூன்று கியர் டி-90 பாக்ஸையே வைத்துக்கொள்ள வேண்டி வந்தால் நடுவில் அடாப்டர் பிளேட் வரும். அதைக் கடைசல் பட்டறையில் ஒரே செட்டிங்கில் கடைந்து வாங்க வேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜைக் கட்டி, அதன் முனையைப் பெல் ஹவுசிங் துளையின் உள்விளிம்பில் வைத்து, கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் மொத்தம் 10 தவுக்கு மேல், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்குக்கு மேல் நகரக்கூடாது. நகர்ந்தால் டோவல் பின்னை மாற்றிச் சரிசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுப் பூட்டினால் கியர்பாக்ஸ் முன் பேரிங் போகும், கியர் தானாக நழுவும், ஆள் பாக்ஸைக் குறை சொல்வார். இன்புட் ஷாஃப்ட் முனை பைலட் புஷ்ஷுக்குள் போதுமான ஆழம் போகிறதா, அடியில் முட்டாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். என் ஆலோசனை, டீசலோடு நாலு கியர் பாக்ஸ்தான். டி-90-ல் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழச் செய்யும் அமைப்பு) கிடையாது, இருக்கிற மூன்று கியரில் டீசலின் குறுகிய சுற்றுக்குள் ஓட்டுவது சலிப்பாக இருக்கும்.

ஷாஃப்டை மாற்றும்போது இரண்டு முனை யோக்கும் (மூட்டைப் பிடிக்கும் கவை) ஒரே நேரில் இருக்க வேண்டும். பாக்ஸ் பக்கக் கோணமும் ஆக்சில் பக்கக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். பாரம் ஏற்றி ஒரு முறை, ஆக்சிலைத் தொங்கவிட்டு ஒரு முறை நீளம் பார்த்து, ஸ்லிப் ஜாயின்ட் முட்டவும் இல்லை, கழன்று விழவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பேலன்ஸ் போட்டுத்தான் பூட்டுவேன்.

ஆக்சில் கணக்கு

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 3பி-யின் ஆக்சில் ரேஷியோ 5.38, அதாவது ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.26 மீட்டர் உருளும். எம்.டி.ஐ.யின் 3200 சுற்றில் டாப் கியரில் கிடைப்பது 80 கிலோமீட்டர், அதுவும் இன்ஜின் அலறிக்கொண்டு. நிம்மதியாக 2400 சுற்றில் ஓட்டினால் 60. ரேஷியோவை 4.88 ஆக்கினால் 2400-ல் 66 அல்லது 67, 4.27 ஆக்கினால் 76. தோப்புக்குள்ளேயே நிற்கும் வண்டிக்கு 5.38-ஐத் தொடாதீர்கள், அருமையாக இழுக்கும். திருமயம், புதுக்கோட்டை, மதுரை என்று ஓடுகிறவர் 4.27-க்குப் போகலாம். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் கிரவுன் பினியன் (டிஃபரென்ஷியலுக்குள் உள்ள பல்சக்கர ஜோடி) ஒரே ரேஷியோவாக மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு 4x4 போட்டால் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் உடையும்.

பிரேக்கைப் பற்றி நான் பேரம் பேசுவதில்லை. ஒரிஜினல் 9 அங்குல டிரம், ஒற்றை லைன். எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். கனமான இரும்பு இன்ஜின் மூக்கில் ஏறிய பிறகு அது போதாது. பிந்தைய மகிந்திரா ஆக்சிலின் பெரிய பிரேக்கும், இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டரும், பூஸ்டரும் வேண்டும். பூஸ்டருக்கு வேண்டிய வேக்கும் (காற்று வெற்றிடம்) டீசல் இன்ஜின் மேனிஃபோல்டில் கிடைக்காது என்பதால் ஆல்டர்னேட்டரோடு வேக்கும் பம்ப் வர வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்க முடியாதவர் இன்ஜின் வேலையைத் தொடங்கவே வேண்டாம். முன் ஸ்பிரிங்குக்கும் ஒரு பட்டை கூட்ட வேண்டியிருக்கும்.

மற்றவை சுருக்கமாக. பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதையே கழுவிப் பயன்படுத்தலாம், ஆனால் டீசலுக்குத் திரும்பு லைன் ஒன்று டேங்க் வரை கூடுதலாக வேண்டும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் போடுங்கள். ஸ்டார்ட்டருக்குப் பெரிய 12 வோல்ட் பேட்டரி, தடித்த எர்த் கேபிள். டீசல் சாவியைத் திருப்பினால் மட்டும் நிற்காது, ஸ்டாப் கேபிளோ சாலினாய்டோ வேண்டும். செம்மண் புழுதியில் ஓடுகிற ஊர் இது, ஏர் ஃபில்டரின் வாயை பானெட்டுக்குள்ளே உயரத்தில் வையுங்கள். டர்போ குழாய் ஸ்டீயரிங் தண்டுக்கும் பிரேக் பைப்புக்கும் பக்கத்தில் போனால் நடுவில் வெப்பத்தகடு அவசியம்.

ரேடியேட்டர் நாலு வரிசைக் கோர், ஃபேனைச் சுற்றிக் கூடு. கூடு இல்லாமல் சித்திரை வெயிலில் கண்மாய் மணலில் நாலாவது நிமிடமே டெம்பரேச்சர் முள் ஏறும். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் ரேடியேட்டருக்குக் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்டாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆயில் பிரஷர் வரும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அடியுங்கள், டர்போவுக்கு ஆயில் ஏறட்டும். அப்புறம் டீசல் ஃபில்டரிலும் டீசல் பம்பிலும் ஏர் எடுங்கள், அதாவது அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். கையில் கனமான பலகை ஒன்று தயாராக இருக்கட்டும். பம்ப் ரேக் (டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் தண்டு) ஒட்டிக்கொண்டு இன்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றினால் இன்டேக் வாயை அந்தப் பலகையால் மூடித்தான் நிறுத்த முடியும். கையால் மூடப் போகாதீர்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு முதல் 50 கிலோமீட்டரில் ஒரு முறை, 500-ல் ஒரு முறை மவுண்ட் போல்ட், பெல் ஹவுசிங் போல்ட், ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் பாருங்கள். ஷாஃப்ட் கிராஸைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு இருந்தால் கோணத்தைத் திரும்ப அளக்க வேண்டும். 500-ல் இன்ஜின், கியர்பாக்ஸ், இரண்டு டிஃபரென்ஷியல் ஆயிலையும் மாற்றி, வடித்த ஆயிலில் இரும்புத் தூள் இல்லை என்று பார்த்த பிறகு பாரம் ஏற்றலாம்.